பின்விளக்கு

இரவில் மிதிவண்டியில் செல்வோருக்கு முன்விளக்கு வழியைக் காட்டும். பின்விளக்கோ அவரையே பிறர்க்குக் காட்டும். டைனமோ சக்கரத்தோடு சுழன்று மின்சாரத்தை உண்டாக்குவது. ஆதலால் வண்டி நின்றதும் விளக்கும் அணைந்துவிடும். நாற்சந்தியில் காலூன்றி நிற்பவரைப் பின்னால் விரைந்து வரும் லாரியோட்டி எங்ஙனம் காண்பார்? இக்குறையை வீட்டிலேயே நீக்கலாம்.

பெரும்பாலான டைனமோக்கள் 6 வோல்ட், 3 வாட் அளவின. அவை தருவது திசைமாறு மின்னோட்டம். எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் டையோடோ ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தைச் செல்லவிடும். ஆகவே நான்கு டையோடுகளைப் பாலம்போல் இணைத்து, மின்னோட்டத்தை ஒருதிசைப்படுத்துதல் வேண்டும். பின்னர் அதனை ஒரு மின்தடையின் வழியே செலுத்தி, 5.5 வோல்ட் தாங்கும் 1 ஃபாரடு மின்தேக்கியில் சேமிக்க வேண்டும். வண்டி விரையும்போது மின்னழுத்தம் மிகும். அம்மிகை தேக்கியைக் கெடுக்காதவாறு, அதற்கு இணையாக வைத்த 5.1 வோல்ட் செனர் டையோடு காவல் நிற்கும். சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 2 வோல்ட்டே போதும். ஆதலின் 150 ஓம் தடையொன்றை அதனோடு தொடராக இணைத்தல் வேண்டும். இன்றேல் அது கருகிவிடும்.

பற்றவைத்த இணைப்புகளை நீர் புகாத சிறு பெட்டியில் அடைத்து, இருக்கையின் கீழ்ப் பொருத்துக. சில நிமிடம் ஓட்டியபின் வண்டியை நிறுத்தினால், சக்கரம் ஓய்ந்த பின்னும் செவ்வொளி ஓயாது நிற்கும். ஓடும்போது சிறுகச் சேர்த்தது, நின்றபோது உயிரைக் காக்கிறது.