மூன்றாம் முறைக்கு முன்

அன்புள்ள பாப்பா,

உன் அம்மா நேற்று போனில் எல்லாம் சொன்னாள். இந்தத் தடவையும் சீட் எட்டவில்லை, மூன்றாவது முறையும் நீட் எழுதட்டுமா என்று பெரியம்மாவிடம் கேட்கச் சொன்னாயாம்.

முதலில் ஒன்று. திரும்ப எழுதுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 2020-21இல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் முதல் முறையில் வந்தவர்கள் அல்ல என்று நீதிபதி ஏ.கே. ராஜன் குழு கணக்குக் காட்டியது. கல்யாண வீட்டில் யாராவது "இன்னுமா நீட்டு?" என்று கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

என் கவலை வேறு. ஐ.ஐ.டி.க்குப் போகிற பிள்ளைகள் ஜே.இ.இ. அட்வான்ஸ்டை அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு முறைதான் எழுத முடியும். போதும் என்று அங்கே விதியே சொல்லிவிடும். நீட்டுக்கு எத்தனை முறை என்ற வரம்பு இல்லை. வயது உச்சவரம்பையும் 2022இல் எடுத்துவிட்டார்கள். எங்கே நிறுத்துவது என்பதை நீதான் முடிவுசெய்ய வேண்டும், அதையும் படிக்க உட்காரும் முன்பே செய்ய வேண்டும்.

மார்க்கை வைத்து யோசிக்காதே. 2024இல் முதலில் வந்த முடிவில் 67 பேர் 720க்கு 720 வாங்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டு முதலிடத்தின் மார்க்கே 686தான். தரவரிசையைப் பார். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் நீ, 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உனக்கு உண்டு. அந்தப் பட்டியலில் உன் பிரிவில் கடைசியாக சீட் வாங்கியவருக்கும் உனக்கும் நடுவில் எத்தனை பேர் என்று எண்ணு.

பிறகு உன் ஓ.எம்.ஆர். நகலையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் நேராக உண்மையை எழுது. பாடமே தெரியவில்லையா, தெரிந்தும் கணக்கில் சறுக்கினாயா, நேரம் போதவில்லையா, குருட்டாம்போக்கில் குறித்தாயா? சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. தெரிந்த கேள்வி ஒன்று தவறினால் போவது 5 மார்க். அப்படி இருபது கேள்வி என்றால் நூறு மார்க் அங்கேயே போய்விட்டது.

உயிரியலின் 360இல் நன்றாக வாங்கி, இயற்பியலின் 180இல் மட்டும் அடிபட்டிருக்கிறாய், அதிலும் சுழற்சி இயக்கம், மின்காந்தத் தூண்டல் என்று பாடத்தின் பெயரைச் சொல்ல முடிகிறது என்றால், தைரியமாக எழுது. இரண்டு தடவையிலும் தரவரிசை நகரவில்லை, மார்க் எங்கே போனது என்றும் பிடிபடவில்லை என்றால், அதே கோச்சிங், அதே விடுதி, அதே மெட்டீரியலோடு இன்னொரு வருடம் வேண்டாம். எப்படியானாலும் நான்காவது வேண்டவே வேண்டாம். என் முடிவு இதுதான்.

நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, தோழிகள் போன் செய்தாலும் எடுப்பதில்லை என்று அம்மா அழுதாள். எனக்கு உன் ரேங்க்கைவிட அதுதான் பெரிய செய்தி. கோச்சிங் ஃபீஸுக்காக அவளுடைய வளையல் அடகில் இருப்பது உன் மனதை அரிக்கிறது என்றும் தெரியும். அதை மீட்பது பெரியவர்கள் எங்கள் பாடு. அந்தக் கடனுக்காக நீ டாக்டராக வேண்டாம்.

மூன்றாவது முறை எழுதுவதானாலும் கையில் ஒரு சீட் இருக்கட்டும். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, பி.எஸ்சி. நர்சிங் எல்லாம் பிளஸ் டூ மார்க்கில் கிடைக்கிற படிப்புகள். கால்நடை மருத்துவமும் வைத்தியம்தானே! சின்ன வயதில் ஆட்டுக்குட்டியின் காலுக்குக் கட்டுப் போட்டவள் நீ. போன வருடம் நீட் முடிவுக்குக் காத்திருந்து இவற்றையெல்லாம் விட்டுவிட்டோம். இந்த வருடம் கடைசித் தேதி தாண்டுவதற்குள் விண்ணப்பத்தைப் போட்டுவிடு. ஞாயிற்றுக்கிழமை அந்த ஓ.எம்.ஆர். நகலை எடுத்துக்கொண்டு இங்கே வா. சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
பெரியம்மா