விடுதியில் அழும் மகன் கோழையா?

கேள்வி: என் மகனை இந்த ஆண்டு பிளஸ் ஒன் படிக்க நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தோம். ஞாயிறுதோறும் போனில், "என்னைக் கூட்டிட்டுப் போயிடும்மா" என்று அழுகிறான். அடிக்கடி வயிற்றுவலி, பரிசோதித்த டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். "ஆம்பளைப் பிள்ளை அழலாமா? பழகிடும்" என்கிறார் கணவர். எனக்குத் தூக்கமே இல்லை. அழைத்து வந்துவிடலாமா?
- ஆர்.எஸ்., அருப்புக்கோட்டை

பதில்: கலங்காதீர்கள் அம்மா. உங்கள் மகன் கோழை அல்ல. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது வீட்டு ஏக்கம் (பழகிய மனிதர்களையும் இடத்தையும் பிரிந்ததால் வரும் மனவாட்டம்). விடுதிக்குப் போகும் பிள்ளைகள் பலருக்கும் வருவதுதான். பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும்.

மீசை அரும்பிய பையனுக்கு வீடு எதற்கு என்று நினைக்கிறோம். ஆனால் பற்றுறவு (நம்மைப் பேணுபவரோடு உண்டாகும் மனப்பிணைப்பு) பற்றி ஆராய்ந்த பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, அந்தப் பிணைப்பின் தேவை ஆயுள் முழுக்க இருக்கும் என்றார். திரும்பி வர ஓர் இடம் உண்டு என்ற தெம்பு இருந்தால்தான் பிள்ளை துணிந்து வெளியே நிற்பான். வயிற்றுவலியும் நடிப்பல்ல. மனம் பதறும்போது குடலின் இயக்கமும் மாறும்.

விடுதி போனில் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். பின்னால் வரிசை நிற்கும். பக்கத்தில் வார்டன் இருப்பார். அந்த நேரத்தில் "டெஸ்டில் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். தங்கை இருந்தால் அவள் சைக்கிள் பழகியதை, பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்லுங்கள். எப்போது பார்க்க வருவீர்கள் என்று தேதி சொல்லி, தவறாமல் போங்கள். "நல்ல மார்க் எடுத்தால் வருகிறேன்" என்று பேரம் பேச வேண்டாம்.

அடுத்த முறை கணவரை அனுப்புங்கள். வெளியே அழைத்துப்போய்ச் சாப்பிட வைத்து, யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா என்று அவர் நிதானமாகக் கேட்கட்டும். ஆம் என்றால் அன்றே கூட்டி வந்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சோறு இறங்காமல், தூக்கம் வராமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். "இருந்து என்ன பயன்" என்று ஒருமுறை சொன்னாலும் தாமதிக்கக் கூடாது. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகலாகக் கட்டணமின்றித் தமிழிலேயே பேசுவார்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் காலாண்டு விடுமுறை வரை பொறுங்கள். அப்போதும் தேறவில்லை என்றால் தயங்காமல் அழைத்து வாருங்கள். பிளஸ் டூ தேர்வை அருப்புக்கோட்டையில் இருந்தும் எழுதலாம். இந்த முடிவை இப்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள். வழி திறந்திருக்கிறது என்று தெரிந்தாலே பாதி அழுகை நின்றுவிடும்.