மரத்தடி மண் இறுகிவிட்டதா?

பகாவ், ரந்தாவ் பக்கத் தோட்ட வீடுகளில் ரம்புத்தானோ மாமரமோ நுனி காய்ந்து நின்றால், உரம் வாங்கும் முன் மண்ணைச் சோதியுங்கள். மழைக்கு மறுநாள் ஒரு திருப்புளியைக் கையால் அழுத்துங்கள். விரல் நீளம்கூட இறங்கவில்லையென்றால் மண் இறுகிவிட்டது. நிழலுக்காகக் காரையும் மோட்டார் சைக்கிளையும் மரத்தடியில் நிறுத்துவதே பெரும்பாலும் காரணம். களிமண் கலந்த செம்மண் ஈரத்தில்தான் மிக எளிதாக இறுகும். காற்று புகாமல் முதலில் சாவது மேல்மண்ணில் பரவியிருக்கும் மெல்லிய ஊட்ட வேர்கள்.

முதலில் வண்டியை வேறிடத்துக்கு மாற்றுங்கள்; இல்லையேல் மற்றதெல்லாம் வீண். பிறகு அடிமரத்தை விட்டு ஒரு மீட்டர் தள்ளி, கிளை விரிந்த எல்லை வரை, அரை மீட்டருக்கு ஒன்றாகக் கடப்பாரையால் 30 செ.மீ. ஆழத் துளைகள் போட்டு, மக்கிய எருவால் நிரப்புங்கள். மண் சேறாக இருக்கும்போது செய்யாதீர்கள். தடித்த வேர் தட்டினால் துளையைத் தள்ளிப் போடுங்கள். மண்வெட்டியால் கொத்திப் புரட்டவே வேண்டாம், இருக்கும் வேரும் அறுந்துவிடும்.

மேலே நான்கு விரல் உயரம் சருகு மூடாக்கு, அடிமரத்தைத் தொடக்கூடாது. செம்பனை ஆலையின் வெற்றுக்குலை கிடைத்தால் மிக நல்லது. ஆனால் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். அருகிலுள்ள தென்னைக்கும் செம்பனைக்கும் ஆபத்து.