அளவான நடை

இதயச் செயலிழப்பு என்னும் பெயரே அச்சுறுத்துகிறது. ஆயினும், இதயம் நின்றுவிட்டது என்பது அதன் பொருளன்று. உடலுக்கு வேண்டிய அளவு குருதியைச் செலுத்த இதயம் திணறும் நிலையே அது. முற்காலத்தில் இந்நோயாளரைப் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். அதனால் தசைகள் மெலிந்து களைப்பு மிகுந்தது. 2,331 நோயாளர் பங்கேற்ற ஆய்வொன்று 2009இல் வெளியானது. நோய் கட்டுக்குள் உள்ளவர்க்கு முறையான உடற்பயிற்சி தீங்கு செய்யாது என அது காட்டிற்று.

சித்தூர், திருப்பதி மக்களுக்கு நடை என்றவுடன் திருமலையே நினைவுக்கு வரும். அலிபிரி வழியில் சுமார் 3,550 படிகள் உள்ளன. இதய நோயுடையோர் அவற்றில் நடந்து ஏற வேண்டா எனத் தேவஸ்தானமே அறிவுறுத்துகிறது. வேண்டுதல் நிறைவேறவில்லையே என வருந்தும் முதியவரிடம் ‘நடக்காதீர்கள்’ என்று மட்டும் கூறினால், அவர் திண்ணையை விட்டும் இறங்கமாட்டார். படி ஏறுதல் வேறு. சமதளத்தில் நடத்தல் வேறு. மருத்துவரின் இசைவுடன், வெயில் ஏறுமுன், தெருவில் ஐந்து நிமிடம் நடந்து தொடங்கலாம். பின்னர்ச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். நடந்துகொண்டே பேச முடிந்தால் வேகம் சரி. பேச்சுத் தடைபட்டால் நின்றுவிட வேண்டும். மார்பு வலியோ மயக்கமோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வினா: மலையேற இயலாமல் வருந்தும் முதியவரை நடைப்பயிற்சிக்கு எவ்வாறு இணங்கச் செய்வீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.