ஸ்போர்ட்டி காருக்கு டயர் மாற்றப் போகிறீர்களா? கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படியுங்கள்

போலோ ஜி.டி., ஐ20 என் லைன், விர்டஸ் ஜி.டி. மாதிரி ஆசைப்பட்டு வாங்கிய காரில் முதல் செட் டயர் தேய்ந்ததும் கடையில் ஒரு பேச்சு கட்டாயம் வரும்: “சார், ஒரு சைஸ் பெருசாப் போட்டுடலாம். கிரிப்பும் கூடும், லுக்கும் கூடும்.” அதற்குத் தலையாட்டியவர்கள் பலரைப் பார்த்தாயிற்று. பிக்கப் மந்தமாகி, மைலேஜ் இறங்கி, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் மட்கார்டில் உரசுகிற வண்டியோடு அதே கடை வாசலில் மறுபடி வந்து நிற்பார்கள். அகலம் கூட்டுவதால் கிடைக்கும் கிரிப் கொஞ்சம்தான். நல்ல ரப்பரும் நல்ல பட்டன் அமைப்பும் தருவது அதைவிட அதிகம். பெரிய சைஸுக்கென்று ஒதுக்கிய பணத்தை, ஒரிஜினல் சைஸிலேயே ஒரு படி உயர்ந்த டயருக்குக் கொடுங்கள்.

செய்ய வேண்டியவை

• டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். கார் கம்பெனி சொல்லும் சைஸும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து சைஸ் எழுதிக்கொண்டு போக வேண்டாம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார் என்றால் முந்தைய ஓனர் எதை மாட்டினாரோ, யாருக்குத் தெரியும்?

• சைஸ் எண்ணைப் பிரித்துப் படியுங்கள், கடையில் ஏமாற மாட்டீர்கள். 205/55 ஆர்16 91வி என்றால் அகலம் 205 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், ரிம் 16 இன்ச். 91 என்பது எடைக் குறியீடு, ஒரு டயர் 615 கிலோ தாங்கும். ‘வி’ என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை தாங்கும், ‘ஹெச்’ 210, ‘டி’ 190.

• சைஸ் மாற்றியே தீருவேன் என்றால், முதலில் மொத்த விட்டத்தைக் கணக்குப் போடுங்கள். ரிம்மின் விட்டத்தோடு பக்கச்சுவரின் உயரத்தை இரண்டு மடங்காக்கிக் கூட்டினால் போதும், இன்ச்சை மி.மீ. ஆக்க 25.4-ஆல் பெருக்குங்கள். 205/55 ஆர்16-க்கு ஏறக்குறைய 632 மி.மீ. வரும். 17 இன்ச் அலாய்க்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். 225/45 ஆர்17 போட்டால் 634, வித்தியாசமே தெரியாது. அதே அலாயில் 215/50 ஆர்17 போட்டால் 647, அதாவது 2 சதவீதத்துக்கு மேல் கூடுதல். விட்டம் கூடினால் டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், ஸ்பீடோமீட்டருக்கு அது தெரியாது. முன்பு காட்டியதைவிடக் குறைத்தே காட்டும். இழுவையும் குறையும், டர்போ காரில் அதை முதல் சிக்னலிலேயே உணர்வீர்கள். 2 சதவீதத்துக்குள் நில்லுங்கள். போலோவின் 185/60 ஆர்15-ஐ 195/60 ஆர்15 ஆக்குவது கிட்டத்தட்ட அந்த எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது (603 மி.மீ., 615 ஆகும்). அதைத் தாண்டிக் கடைக்காரர் எதைச் சொன்னாலும் வேண்டாம் என்றுவிடுங்கள்.

• ரிம்மின் அகலத்தையும் பாருங்கள். இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. ரிம்மில் 6ஜே, 7ஜே என்று பொறித்திருக்கும், அது இன்ச் கணக்கு. 205/55 ஆர்16 டயர் 5.5 முதல் 7.5 இன்ச் ரிம் வரை உட்காரும். 225/45 ஆர்17-க்குக் குறைந்தது 7 இன்ச் வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் பக்கச்சுவர் பிதுங்கி நிற்கும், வளைவில் கார் ஒரு கணம் தள்ளாடிவிட்டுத்தான் திரும்பும். ஸ்போர்ட்டி கார் வாங்கியதே அந்த ஒரு கணத்தைக் குறைக்கத்தானே?

• நான்கு டயரிலும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், மாட்டுவதற்கு முன்பே. பக்கச்சுவரில் ‘டி.ஓ.டி.’ என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் தேதி. 1425 என்றால் 2025-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். இது ஒரு பக்கத்தில் மட்டும் முழுசாக இருக்கும், அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் மாட்டிய பிறகு வண்டிக்கு அடியில் தவழ்ந்துதான் பார்க்க வேண்டும். ஒரு வருடம் பழையது என்றால் பரவாயில்லை. இரண்டு வருடம் தாண்டியிருந்தால் வேறு கேளுங்கள்.

• ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் விற்கும் கார் டயருக்கு அது கட்டாயம், வெளிநாட்டு பிராண்டானாலும்.

• முடிந்தால் நான்கையும் ஒரே மாடலில் மாற்றுங்கள். முடியாவிட்டால் புதிய இரண்டையும் பின்னால் போடுங்கள். “ஃபிரண்ட் வீல் டிரைவ் சார், புதுசு முன்னாடிதான் போடணும்” என்பார்கள். இணங்காதீர்கள். மழையில் முன் டயர் வழுக்கினால் கார் வளைவில் கொஞ்சம் அகலமாகப் போகும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். பின் டயர் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுழலும், நம்மில் பெரும்பாலோருக்கு அதைத் திருத்தத் தெரியாது. நனைந்த வால்பாறை மலைச்சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கும்போது உங்களைக் காப்பது பின்னால் இருக்கும் ஆழமான பட்டன்தான். ஆல் வீல் டிரைவ் கார் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், நான்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

• ஐப்பசி மழை தொடங்கும் முன் மாற்றுங்கள். சட்டம் 1.6 மி.மீ. ஆழம் வரை விடுகிறது, ஆனால் தேங்கிய தண்ணீரில் அது போதாது. 3 மி.மீ. ஆனதுமே புது டயர் பார்க்கக் கிளம்புங்கள்.

• மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ‘அவுட்சைடு’ என்று எழுதிய பக்கம் வெளியே தெரிய வேண்டும். ‘ரொட்டேஷன்’ அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். அவசரத்தில் ஒரு டயரைத் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். ரப்பர் வால்வையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி முடித்துவிடாமல், டார்க் ரெஞ்சால் சரிபார்க்கச் சொல்லுங்கள். நூறு கி.மீ.க்குள் மறுபடி ஒருமுறை பார்க்கட்டும்.

• பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் அன்றே செய்து பிரிண்ட் வாங்குங்கள். அலைன்மென்ட் தவறினால் புது டயரின் ஒரு ஓரம் மட்டும் சில ஆயிரம் கி.மீ.யிலேயே மொட்டையாகும். காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் டி.பி.எம்.எஸ். இருந்தால் காற்றைச் சரிசெய்த பிறகு ரீசெட் செய்யுங்கள்.

• முதல் 300 கி.மீ. மெதுவாக ஓட்டுங்கள். அச்சிலிருந்து பிரிப்பதற்காகப் பூசிய வழவழப்பு ரப்பர் மேல் இன்னும் இருக்கும்.

செய்யக்கூடாதவை

• அழகுக்காகப் பக்கச்சுவரை ஒல்லியாக்காதீர்கள். 205/55 ஆர்16-இல் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே 113 மி.மீ. ரப்பர் இருக்கிறது. 225/45 ஆர்17-இல் 101. ஆசை முற்றி 225/40 ஆர்18-க்குப் போனால் வெறும் 90. வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை, மழைத்தண்ணீர் மூடிய பள்ளம் எல்லாம் நேராக ரிம்மில் இடிக்கும். முதலில் அலாய் வளையும். பிறகு பக்கச்சுவரில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைப்பு கிளம்பும். உள்ளே நூலிழை அறுந்துவிட்டது என்று அர்த்தம், அந்த டயரை அன்றே கழற்ற வேண்டும். பெரிய சக்கரம் பெரும்பாலும் கனமாகவும் இருக்கும், பிக்கப்பும் பிரேக்கும் அந்தக் கனத்தைச் சுமக்கும். 16 இன்ச்சோடு வந்த காருக்கு நம் சாலைகளில் 16 போதும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

• எடைக் குறியீட்டிலும் வேகக் குறியீட்டிலும் கீழே இறங்காதீர்கள். 91வி இருந்த இடத்தில் 87ஹெச் போட்டால் ஒரு டயருக்கு 70 கிலோ தாங்கும் திறன் போயிற்று. நாலு பேரும் லக்கேஜுமாக மே மாத வெயிலில் திருச்சி ஹைவேயில் போகும்போது சூடேறி வெடிப்பது இப்படிப்பட்ட டயர்தான்.

• பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் ‘மேக்ஸ் பிரஷர்’ அளவுக்குக் காற்று அடிக்காதீர்கள். அது டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் காருக்கு வேண்டியது ஸ்டிக்கரில் இருக்கிறது. ஓடிச் சூடான டயரில் அளந்து காற்றை இறக்கவும் வேண்டாம், ஆறியதும் அழுத்தம் போதாமல் போகும்.

• செகண்ட் ஹேண்ட் டயரை நம்பாதீர்கள். பாலிஷ் போட்டுக் கருகருவென்று வைத்திருப்பார்கள். தேய்ந்த டயரில் பள்ளத்தைக் கத்தியால் ஆழமாக வெட்டி, புதிய பட்டன் போலக் காட்டுவதும் உண்டு. பள்ளத்துக்குள் குறுக்கே இருக்க வேண்டிய தேய்மானக் கட்டைகள் அறுபட்டிருந்தால் அது வெட்டிய டயர்.

• டிராக் டயரைத் தினசரி ஓட்டத்துக்கு வாங்காதீர்கள். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ டிராக் டே போகிறவர்கள் போடும் மென்மையான செமி ஸ்லிக் சூடேறினால்தான் ஒட்டும். பள்ளங்கள் குறைவு என்பதால் தண்ணீர் வெளியேறாது. ஆபீஸ் போகும் வழியில் தேங்கிய மழைநீரில் அது மிதக்கும். ஆசை இருந்தால் டிராக்குக்குத் தனி செட் ரிம் வைத்துக்கொள்ளுங்கள்.

• ஒரே ஆக்ஸிலில் இரண்டு மாடல் கலக்காதீர்கள். பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

• உரசலைத் தீர்க்க ஸ்பேசர் வைக்காதீர்கள், பி.சி.டி. (நட்டு ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) பொருந்தாத அலாயை அட்ஜஸ்ட் செய்தும் மாட்டாதீர்கள். உரசினால் சைஸ் தப்பு. சைஸைத்தான் மாற்ற வேண்டும்.

• பக்கச்சுவர் பஞ்சருக்கு பேட்ச் போட்டு ஓட்டாதீர்கள். காற்று நிற்கும், பலம் நிற்காது.

• ஸ்டெப்னியை மறக்காதீர்கள். நான்கின் விட்டத்தை மாற்றிவிட்டு ஐந்தாவதைப் பழைய சைஸில் விட்டால், நடுவழியில் அதை மாட்டிக்கொண்டு நெடுந்தூரம் போவது டிஃபரன்ஷியலுக்கு ஆகாது.

• சைஸ் மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் மறைக்காதீர்கள். எழுத்தில் தெரிவித்து, பதிலைப் பாலிசியோடு வையுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து டயர் எண்ணைப் படிக்கும்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது கஷ்டம்.

• பில் இல்லாமல் வாங்காதீர்கள். நான்கு டயரின் சீரியல் எண்ணும் அதில் இருக்கட்டும். வாரன்டி கிளெய்முக்கு அதைத்தான் கேட்பார்கள்.

• “அந்த சைஸ் ஸ்டாக் இல்லை” என்று சொன்னதற்காக இருப்பதை வாங்கி மாட்டாதீர்கள். 195/55 ஆர்16 மாதிரி சைஸை எல்லாக் கடையிலும் வைத்திருக்க மாட்டார்கள். அட்வான்ஸ் கொடுத்து ஆர்டர் போடுங்கள், சைஸ், மாடல், குறியீடு மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள், டயர் வரும்வரை வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள்.