அரண்மனையோடு வந்த வரிபாக்கி

அன்புள்ள நிலா,

பரம்பரைப் பட்டம், கண்ணுக்கெட்டிய தூரம் நிலம், நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட மாளிகை, எல்லாம் முப்பது வயதில் ஒருவன் கைக்கு வந்தால் என்ன செய்வான் என்று கேட்டிருந்தாய். நீ பார்க்கும் தொடர்களில் குதிரையேறி வேட்டைக்குப் போவான். நான் ஆடிட்டர். எனக்கு ஞாபகம் வருபவர், எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்று பதினேழு வருடம் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டிய ஒருவர்.

இங்கிலாந்தில் டெவன்ஷயர் டியூக் என்றொரு பட்டம். 1694இல் கேவண்டிஷ் குடும்பத்துக்குக் கிடைத்தது. (கேவண்டிஷ் என்றதும் உனக்கு வாழைப்பழம் தோன்றினால் தப்பில்லை. 1830களில் அவர்கள் மாளிகையின் கண்ணாடிக் கூடத்தில் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் வளர்த்த வாழைக்கு எசமானின் குடும்பப் பெயரைச் சூட்டினார்கள். தேனிப் பக்கம் போடும் ஜி9 அந்த வகைதான்.) பெயர்தான் டெவன்ஷயர், அவர்களுடைய சாட்ஸ்வொர்த் மாளிகை இருப்பது டெர்பிஷயரில். பட்டம் வேறு, சொத்து வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பட்டத்தை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, அதற்கு வரியும் இல்லை. ஆண் வாரிசுக்கு அது தானாகப் போய்விடும். நிலமும் வீடும் ஓவியங்களும் உயில், செட்டில்மென்ட், டிரஸ்ட் என்று பத்திரங்களின் வழியே போகும். வரித்துறைக்கு வேலை அங்கேதான்.

அங்கே வாரிசாக வளர்ந்தவர் பத்தாவது டியூக்கின் மூத்த மகன் வில்லியம். 1944 மே மாதம் கேத்லீன் கென்னடியை, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடியின் தங்கையை, மணந்தார். செப்டம்பரில் பெல்ஜியப் போர்முனையில் சுடப்பட்டு இறந்தார். குழந்தை இல்லை. எந்தப் பொறுப்புக்கும் தயார் செய்யப்படாத இளையவர் ஆண்ட்ரூ வாரிசானார். நான் சொன்னவர் இவர்தான்.

அப்பா, பத்தாவது டியூக், விவரமான மனிதர். போர் மூண்டபோது ராணுவம் வந்து மாளிகையைப் பிடித்துக்கொள்வதற்கு முன், வேல்ஸிலிருந்து ஒரு பெண்கள் பள்ளியைக் கூட்டி வந்து குடிவைத்தவர். சிப்பாய்களைவிட மாணவிகள் குறைவாகத்தான் உடைப்பார்கள் என்பது அவர் கணக்கு. ராஜா வந்தால் தங்கவைக்கக் கட்டிய அறைகளில் வரிசையாக மாணவிகளின் கட்டில்கள். அந்தக் கணக்கு பலித்தது. 1946இல் போட்ட இன்னொரு கணக்குதான் காலை வாரிவிட்டது. சொத்தின் பெரும்பகுதியை மகனுக்கு மாற்றினார். கொடுத்தவர் அதற்குப் பிறகு ஐந்து வருடம் உயிரோடு இருந்தால் மரண வரி கிடையாது. 1950 நவம்பரில், கெடு முடியச் சில மாதமே இருக்கும்போது, 55 வயதில் மாரடைப்பில் இறந்துவிட்டார்.

வரி, நூற்றுக்கு எண்பது. வாய் பிளக்காதே, 1953 முதல் 1985 வரை நம் நாட்டிலும் எஸ்டேட் டூட்டி இருந்தது, அதன் உச்ச விகிதம் ஒரு காலத்தில் 85 சதவீதம். இதில் நீ கவனிக்க வேண்டியது சதவீதத்தை அல்ல. வரி போட்டது மதிப்பின்மேல். கட்ட வேண்டியது ரொக்கமாக. சுவரில் மாட்டிய ஓவியம் மதிப்பில் லட்சம் பவுண்டு பெறும், வருமானம் ஒரு பென்னிகூடத் தராது. கூரை ஒழுகினால் செலவுதான். இதற்கிடையில் பாக்கிக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

ஆண்ட்ரூ ஏக்கர் ஏக்கராக நிலத்தை விற்றார். குடும்பத்தின் மூலபுருஷி என்றே சொல்லத்தக்க பெஸ் என்ற பெண்மணி 1590களில் கட்டிய ஹார்ட்விக் மாளிகையை வரிக்கு ஈடாக அரசுக்குக் கொடுத்தார்; அது இப்போது நேஷனல் டிரஸ்டிடம் இருக்கிறது. எட்டாம் ஹென்றியை ஹோல்பைன் ஆளுயரத்துக்கு வரைந்த சித்திரம் லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் காலரிக்குப் போனது. ஒன்றைக் காப்பாற்ற நினைத்தால் மற்றதை விட வேண்டும் என்று அவர் எடுத்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்த எத்தனையோ குடும்பங்களின் மாளிகைகள் அந்த ஆண்டுகளில் இடிபட்டு செங்கல்லும் மரமுமாக விலைபோயின.

அவர்களுக்காகக் கண்ணீர் விடவும் வேண்டாம். ஆயிரக்கணக்கான ஏக்கர் பிறகும் அவர்களிடமே இருந்தது. டியூக் வீட்டுச் சுவருக்குள் இருந்த ஹென்றியை இன்று யாரும் டிக்கெட் இல்லாமல் பார்க்கலாம். எனக்கு நெருடுவது வேறொன்று: ஆண்ட்ரூவுக்கு மகனைவிட மூத்த மகள் ஒருத்தி உண்டு. பட்டம் அவளைத் தாண்டித் தம்பிக்குப் போனது. அதைப் பற்றி எந்த வரி அதிகாரியும் கவலைப்படவில்லை.

மீதிக் கதையில் பாதி அவர் மனைவி டெபோராவுடையது. பார்வையாளர் கட்டணம் மட்டும் போதாது என்று 1977இல் பண்ணை இறைச்சியை விற்க ஒரு கடை திறந்தார். டியூக் சீமாட்டி கறிக்கடை போடுவதா என்று முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். கடை இன்றும் நடக்கிறது.

1981இல் வீட்டையே ஒரு அறக்கட்டளையிடம் நீண்டகாலக் குத்தகைக்கு விட்டார்கள். அதற்கு மூலதனம் சேர்க்க பூசன் வரைந்த ஒரு ஓவியம் விலைபோனது. 2004இல் ஆண்ட்ரூ இறந்து மகன் பன்னிரண்டாவது டியூக் ஆனபோது வீடு அறக்கட்டளையின் பொறுப்பில்தான் இருந்தது. தங்கள் மூதாதையர் கட்டிய மாளிகையில் தாங்கள் குடியிருக்கும் பகுதிக்கு அந்தக் குடும்பம் சந்தை விலையில் வாடகை கட்டுகிறது.

அன்புடன்,
சித்தப்பா