விண்மீன் மண்டலங்களின் இணைவு

சென்னை மாநகரில், வடபழனி முருகன் திருக்கோயிலில், ஆடித் திங்கள் கிருத்திகை பெருவிழாவாகக் கொண்டாடப்படுகின்றது. காவடி ஏந்தியும் பாற்குடம் சுமந்தும் அடியார்கள் திரள் திரளாக வந்து வழிபடுவர். அவ்விழாவுக்குப் பெயர் தந்தது கார்த்திகை என்னும் விண்மீன் கூட்டமாகும். முருகனைப் பாலூட்டி வளர்த்த மகளிர் அறுவரே வானில் அவ்வாறு விளங்குகின்றனர் என்பது புராண மரபு. வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தோன்றும் இக்கூட்டத்தைத் தொலைநோக்கியால் ஆராய்ந்தோர், அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்கள் அடங்கியிருப்பதைக் கண்டனர். அஃது ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவே ஓர் ஒளியாண்டு. அது சற்றேறக்குறைய ஒன்பதரை இலட்சம் கோடி கிலோமீட்டர் ஆகும்.

விண்மீன்கள் அசையாது நிற்பவை அல்ல. கார்த்திகைக் கூட்டத்தின் ஒவ்வொரு மீனும் இடையறாது இயங்கிக்கொண்டேயிருக்கின்றது. அங்ஙனமாயின், அக்கூட்டம் விரைவில் சிதறிப் போகாதிருப்பது எதனால்? இவ்வினாவை ஆராய்ந்து, கணித வழியே விடை கண்டவர்களுள் தலைசிறந்தவர் சென்னையில் வளர்ந்த ஓர் அறிஞர். சிறிய கூட்டங்களுக்காக அவர் கண்ட விடை, பிற்காலத்தில் மாபெரும் விண்மீன் மண்டலங்கள் ஒன்றோடொன்று இணையும் விதத்தை விளக்கும் திறவுகோலாயிற்று. அவ்வறிஞரே சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் இலாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் அரசுக் கணக்குத் துறையில் உயர் அலுவலர். தாயார் சீதாலட்சுமி, நார்வே நாட்டு நாடக ஆசிரியர் இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்த புலமையுடையவர். குடும்பம் 1918ஆம் ஆண்டில் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. வடபழனிக்குக் கிழக்கே சில கல் தொலைவிலுள்ள மயிலாப்பூரில், ‘சந்திர விலாஸ்’ என்னும் இல்லத்தில் அவர்கள் வாழ்ந்தனர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற சந்திரசேகர், 1930இல் அரசின் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார்.

எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனை வெண்குறுமீன் என்பர். அத்தகைய மீன் சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறையுடையதாக இருத்தல் இயலாது என்று சந்திரசேகர் கணக்கிட்டார். 1935ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், இலண்டன் அரச வானியல் கழகத்தில் அவர் இம்முடிவை எடுத்துரைத்தபோது, புகழ்பெற்ற வானியலறிஞர் எடிங்டன் எழுந்து அதனை ஏளனமாக மறுத்தார். பேரறிஞர் ஒருவரின் சொல்லை எதிர்த்து வெளிப்படையாகப் பேச அவையோர் துணியவில்லை. இளைஞரான சந்திரசேகர் பெரிதும் வருந்தினார். ஆயினும் அவர் உள்ளம் தளர்ந்து ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. நெடுங்காலம் வழக்காடிக்கொண்டும் இருக்கவில்லை. தம் கொள்கையை 1939இல் வெளியிட்ட நூலில் முறைப்பட எழுதி வைத்துவிட்டு, வேறொரு துறையில் புகுந்தார். விண்மீன் கூட்டங்களின் இயக்கமே அத்துறையாகும்.

அப்போது அவர் அமெரிக்காவில், சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யெர்க்கீசு வானாய்வு நிலையத்தில் பணியாற்றி வந்தார். உலகின் மிகப் பெரிய ஒளிவிலகல் தொலைநோக்கி அங்கே இருந்தது. எனினும் சந்திரசேகர் நாடியது தொலைநோக்கியை அன்று; தாளையும் எழுதுகோலையுமே. 1943ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் ‘இயக்க உராய்வு’ என்னும் புதிய உண்மையை உலகுக்கு அறிவித்தன.

உராய்வு என்பது யாவரும் அறிந்ததே. தரையில் உருளும் பந்து சிறிது தூரம் சென்று நின்றுவிடுகின்றது; தரையின் உராய்வு அதன் வேகத்தைக் குறைக்கின்றது. ஆனால் வானவெளியில் விண்மீன்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனே 4.2 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கின்றது. தொடாத பொருள்களுக்கிடையே உராய்வு எங்ஙனம் தோன்றும்?

இதனைத் திருவிழாக் கூட்டத்தைக் கொண்டு ஒருவாறு விளக்கலாம். பெரிய காவடி ஒன்றைத் தோளில் ஏந்திய அடியார் ஒருவர் மக்கள் திரளின் நடுவே விரைந்து செல்கின்றார் எனக் கொள்வோம். காவடியைக் காணும் ஆவலால், இருமருங்கிலும் உள்ளோர் அவரை நோக்கி வருகின்றனர். அவர்கள் வந்து சேர்வதற்குள் அவர் முன்னே சென்றுவிடுகின்றார். ஆகவே, அவருக்கு முன்னால் இருப்பவரைவிடப் பின்னால் கூடுபவரே மிகுதியாவர். அங்ஙனம் கூடியவர்கள் அவருடைய மேலாடையைப் பற்றி இழுப்பின், அவர் நடை தளருமன்றோ?

விண்மீன்களிடையே நிகழ்வதும் இத்தகையதே. கனத்த பொருளொன்று விண்மீன் கூட்டத்தின் ஊடே செல்லும்போது, அதன் ஈர்ப்பு விசையால் சிறு மீன்கள் அதன் பாதையை நோக்கி வளைகின்றன. அவை வந்தடையுமுன் அப்பொருள் அகன்றுவிடுகின்றது. எனவே, அதன் பின்னால் மீன்கள் செறிகின்றன. அச்செறிவு தன் ஈர்ப்பினால் அப்பொருளைப் பின்னோக்கி இழுக்கின்றது. அதன் வேகம் சிறிது சிறிதாகக் குறைகின்றது. குறைந்த வேகம் அழிந்தொழிவதில்லை. சூழ்ந்துள்ள மீன்களின் இயக்கமாகப் பகிர்ந்தளிக்கப்படுகின்றது. பொருளின் நிறை இருமடங்கானால், இந்த இழுப்பு நான்கு மடங்காகும். ஆகவே சிறிய பொருளைவிடப் பெரிய பொருளே விரைவில் தளர்ச்சியுறும் என்பது சந்திரசேகர் கண்ட முடிவு.

இவ்வுராய்வு இல்லாவிடின், விண்மீன்கள் ஒன்றன் ஈர்ப்பால் மற்றொன்று தூண்டப்பட்டு, வேகம் பெற்று, ஒவ்வொன்றாகக் கூட்டத்தை விட்டு விரைவில் வெளியேறிவிடும். கார்த்திகையைப் போன்ற கூட்டங்கள் நெடுங்காலம் நிலைத்திருப்பதற்கு இயக்க உராய்வு துணைபுரிகின்றது என்று அவர் எடுத்துக்காட்டினார்.

கார்த்திகையும் சூரியனும் வெறுங்கண்ணுக்குப் புலப்படும் ஏனைய விண்மீன்களும் பால்வழி என்னும் ஒரே விண்மீன் மண்டலத்தைச் சேர்ந்தவை. பத்தாயிரம் கோடிக்குக் குறையாத விண்மீன்களைக் கொண்ட இம்மண்டலத்தின் குறுக்களவு ஏறத்தாழ ஓர் இலட்சம் ஒளியாண்டாகும். பெருவிளக்குகள் இரவெல்லாம் எரியும் வடபழனித் தெருக்களிலிருந்து நோக்குவார்க்கு அதன் வெண்மையான ஒளிப்பட்டை தென்படாது. இருள் சூழ்ந்த மலைப்புறங்களில் தெளிவாகத் தோன்றும். பால்வழியைப் போன்ற மண்டலங்கள் எண்ணிறந்தவை வானவெளியில் உள்ளன. அவற்றுட் சில ஒன்றையொன்று நெருங்கி, உருக்குலைந்து, நீண்ட வால்களோடு காட்சியளிக்கின்றன. அவை நெருங்கினால் விளைவது யாது என்பதே வானியலாரை மயக்கிய வினாவாகும்.

இதனை ஆராயச் சுவீடன் நாட்டு லுண்டு நகரின் வானியலறிஞர் ஓம்பெர்கு என்பார் 1941இல் ஓர் அரிய உத்தியைக் கையாண்டார். கணிப்பொறிகள் இல்லாத காலம் அது. ஈர்ப்பு விசையும் ஒளியும் தொலைவுக்கேற்ப ஒரே விதியின்படி குறைகின்றன. தொலைவு இருமடங்கானால் இரண்டும் நான்கில் ஒரு பங்காகும். ஆகவே அவர் ஒவ்வொரு மண்டலத்துக்கும் 37 மின்விளக்குகளாக 74 விளக்குகளை மேசைமேல் பரப்பி, ஒளியை அளந்து, அதனையே ஈர்ப்பின் அளவாகக் கொண்டு, விளக்குகளைப் படிப்படியாக நகர்த்தினார். நெருங்கிச் செல்லும் மண்டலங்கள் தம் வேகத்தை இழந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்ளக்கூடும் என்பது அதனால் விளங்கிற்று. பின்னர் 1972இல் தூம்ரே உடன்பிறந்தார் இருவர் கணிப்பொறியின் துணைகொண்டு, மண்டலங்களின் வால்கள் ஈர்ப்பு விசையால் தோன்றுபவையே என்று நிறுவினர்.

மண்டலங்கள் இணையும் பொருட்டுத் தம் வேகத்தை இழக்கவேண்டும். அங்ஙனம் இழக்கச் செய்வது சந்திரசேகர் கண்ட இயக்க உராய்வே என்பதை அறிஞர்கள் தெளிந்தனர். பெரிய மண்டலத்தைச் சூழ்ந்து, ஒளி வீசாத ‘கரும்பொருள்’ பரந்து கிடக்கின்றது. அதன் ஊடே சுற்றிவரும் சிறிய மண்டலம், உராய்வினால் தளர்ந்து, சுழன்று சுழன்று உள்ளே விழுந்து, பெரியதனுள் ஒடுங்கிவிடுகின்றது. இணையும்போது விண்மீன்கள் மோதி நொறுங்குவதில்லை; அவற்றிடையே உள்ள தொலைவு அத்துணைப் பெரிது. ஆயின் வளிமுகில்கள் ஒன்றோடொன்று மோதிச் செறிவதால், புதிய விண்மீன்கள் பல்கிப் பிறக்கின்றன. அழகிய சுருள் மண்டலங்கள் இரண்டு இணைந்து நீள்வட்ட வடிவ மண்டலமாக மாறுதலும் உண்டு. அழிவுபோலத் தோன்றுவது ஆக்கத்துக்கும் வழியாகின்றது.

பால்வழியும் இவ்வாறு வளர்ந்ததே. ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் அது மற்றொரு மண்டலத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. அம்மண்டலத்தின் விண்மீன்களை, ஐரோப்பிய விண்வெளி அமைப்பு 2013இல் ஏவிய கையா விண்கலத்தின் அளவீடுகளைக் கொண்டு 2018இல் அறிஞர்கள் இனங்கண்டனர். தனுசு இராசியின் திசையில் 1994இல் கண்டறியப்பட்ட குறுமண்டலம் ஒன்றும் பால்வழியின் ஈர்ப்பால் சிதைந்து அதனோடு கலந்துகொண்டிருக்கின்றது.

25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆந்திரமீடா மண்டலமோ, நொடிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வேகத்தில் பால்வழியை நெருங்கி வருகின்றது. இரண்டும் ஏறக்குறைய 400 கோடி ஆண்டுகளில் மோதும் என 2012இல் அறிஞர்கள் உரைத்தனர். ஆனால் 2025இல் வெளிவந்த ஆய்வு, அடுத்த ஆயிரம் கோடி ஆண்டுகளுள் அவை இணைவதற்கும் இணையாதிருப்பதற்கும் வாய்ப்பு ஏறத்தாழச் சமமே என்று காட்டுகின்றது. புதிய அளவீடு கிடைக்குந்தோறும் பழைய முடிவைத் திருத்திக்கொள்ளுதல் அறிவியலுக்கு இழுக்கன்று. அதுவே அதன் வலிமை.

1935இல் மறுக்கப்பட்ட சந்திரசேகரின் கொள்கையும் காலப்போக்கில் உலகத்தாரால் ஏற்கப்பட்டது. விண்மீன்களின் அமைப்பையும் வளர்ச்சியையும் ஆராய்ந்தமைக்காக 1983இல் அவர் இயற்பியலுக்கான நோபல் பரிசினைப் பவுலர் என்பாருடன் பகிர்ந்து பெற்றார். 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் அவர் மறைந்தார். 1999இல் அமெரிக்கா வானில் ஏவிய எக்சுக் கதிர்த் தொலைநோக்கிக்குச் ‘சந்திரா’ என்று அவர் பெயர் சூட்டப்பட்டது.

அத்தொலைநோக்கி ஏறத்தாழ 40 கோடி ஒளியாண்டுத் தொலைவில், ‘என்.ஜி.சி. 6240’ என்று குறிக்கப்பெறும் ஒரு மண்டலத்தை நோக்கிற்று. இரண்டு மண்டலங்கள் இணைந்து கொண்டிருக்கும் இடம் அது. அதன் நடுவே ஒன்றல்ல, இரண்டு மாபெரும் கருந்துளைகள் இருப்பதை 2002இல் அறிஞர்கள் கண்டறிந்தனர். ஒவ்வொரு மண்டலமும் ஒரு கருந்துளையைக் கொணர்ந்தது; அவை தம் வேகத்தை இழந்து, ஏறத்தாழ 3,000 ஒளியாண்டு இடைவெளிக்குள் நெருங்கி வந்துள்ளன. பல கோடி ஆண்டுகளுக்குப் பின் அவையும் ஒன்றாகும்.

தொலைநோக்கியை நாடாது, தாளின்மேல் கணக்கிட்டு ஒருவர் கண்ட விதியின் விளைவை, அவர் பெயர் தாங்கிய கருவியே வானில் கண்டு காட்டியது. ஒரு பேரறிஞரின் ஏளனத்தைக் கேட்ட நாளோடு சந்திரசேகர் தம் முயற்சியை நிறுத்தியிருப்பின், அவ்விதி அவர் பெயரால் வழங்கியிராது. பிறர் ஏற்கும் காலம் வரும்வரை காத்து நில்லாமல், அடுத்த வினாவை நோக்கி அமைதியாக நடந்தமையே அவருடைய பெருமைக்குக் காரணமாகும்.